சுமதிக்கு, அபர்டீனிலிருந்து

அபர்டீன்,
ஜனவரி 18.

அன்புள்ள சுமதிக்கு அக்கா எழுதுவது.

நீ கூரியரில் போட்ட கடிதமும் ஸ்கேன் ரிப்போர்ட் நகலும் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தன. தீபாவளிக்கு நீ எழுதினதற்கே நான் பதில் போடவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே. போனில் பேசலாம் என்றால் உன் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அம்மா பக்கத்தில் நின்று அழுகிறாள், நீ கேட்க வேண்டியதைக் கேட்காமலே வைத்துவிடுகிறாய். அதனால், வயிற்றில் பிள்ளை பெரிதாக இருக்கிறதே, ஆபரேஷன்தானா, சுகப்பிரசவம் ஆகுமா என்கிற உன் கவலைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். போட்டோ எடுத்துக் கண்ணனுக்கு அனுப்புகிறேன். அவன் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தருவான். டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் கும்மிருட்டு. ஊர் முழுக்கக் கருங்கல் வீடுகள், மழை பெய்தால் வானமும் சுவரும் ஒரே நிறமாகிவிடும். ஹீட்டரை ராத்திரியில் மட்டும்தான் போடுகிறேன், எனக்கு அது போதும். கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன் இல்லையா, 86 வயது. யாரிடம் பேச ஆரம்பித்தாலும் தன் நாலு பிள்ளைகளின் பிறந்த எடையைப் பவுண்டும் அவுன்சுமாக ஒப்பிப்பாள். மூன்றாவது பிள்ளை 1962-இல் வீட்டிலேயே பிறந்தது, 10 பவுண்டு 2 அவுன்ஸ். நம் கணக்கில் 4 கிலோ 600. மருத்துவச்சி ஒருத்திதான் துணை, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தே பெற்றாளாம். உன் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு ரோவி ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். உப்பாக, கொழுப்பாக இருக்கும், கடலுக்குப் போகிறவர்களுக்கென்று சுட்டதாம். நெய் தடவின பரோட்டாவின் ஓரம் மாதிரி.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்கேனில் 36 வாரத்துக்கு 3 கிலோ 600 என்று போட்டிருக்கிறது. ஸ்கேன் மெஷின் பிள்ளையைத் தராசில் வைத்து நிறுப்பதில்லை. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் இவற்றை அளந்து ஒரு கணக்கில் போட்டு எடையைச் சொல்கிறது. கடைசி மாதத்தில் அந்தக் கணக்கு நூற்றுக்குப் பத்து, பதினைந்து ஏறியும் இருக்கும், இறங்கியும் இருக்கும். அதனால் உள்ளே இருப்பது 3.1-ஆகவும் இருக்கலாம், 4.1-ஆகவும் இருக்கலாம். இனிமேல் வாரத்துக்கு 200 கிராம் ஏறும் என்று வைத்துத்தான் டாக்டரம்மா தேதிக்குள் 4 கிலோ 300, 400 வரும் என்கிறார். அவர் கணக்குத் தப்பில்லை, உன்னைப் பயமுறுத்தவும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக் கத்தி வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. உன் சர்க்கரை என்ன, மூத்தவன் கவின் பிறந்தபோது என்ன நடந்தது, நீ சேரப்போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைதான் முதலில். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, நம் சென்னை டாக்டர் சேஷையா பாடுபட்டுப் பரப்பின சோதனை, அதில் 140-க்குக் கீழே இருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் உனக்கு 118 என்று எழுதியிருக்கிறாய். எட்டாம் மாதத்தில் மறுபடி எடுத்தார்களா? அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் நாளைக்கே போய் எடு. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலின் சுரந்து அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்பு தலையில் ஏறாது, தோளிலும் வயிற்றிலும் ஏறும். அப்பா மாதிரி, கண்ணன் மாதிரி வாட்டசாட்டமாகப் பிறக்கிற பிள்ளைக்குத் தலையும் தோளும் அளவாக வளர்ந்திருக்கும். சர்க்கரைப் பிள்ளைக்குத் தலை வந்துவிடும், தோள் மாட்டும். ஒரே 4 கிலோதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

சர்க்கரை இல்லாதவளுக்கு 5 கிலோ என்றும், இருப்பவளுக்கு 4 கிலோ 500 என்றும் மதிப்பு வந்தால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவர்கள் வைத்திருக்கிற அளவு. சர்க்கரை உள்ளவளுக்கு இங்கேயும் அதே நாலரைதான். சர்க்கரை இல்லாத பெண்களில் நாலரையைத் தாண்டும் என்று தோன்றுகிற எல்லோருக்கும் அறுத்தால், ஒரே ஒரு பிள்ளையின் கை நிரந்தரமாக ஊனமாகாமல் தடுக்க 3,695 ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும் என்று 1996-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் அது 443. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் பார். 39 வாரத்திலேயே வலி வரவழைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னால் அதையும் மறுக்காதே. முன்னாலேயே வரவழைத்தால் தோள் மாட்டுவதும் எலும்பு முறிவதும் சற்றுக் குறைகிறது, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைக்கிற பிள்ளைகள் சற்றுக் கூடுகிறார்கள்.

உன் அத்தையிடம் சண்டை போடாதே. "முதல் பிள்ளை சுகப்பிரசவம்தானே" என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கவின் 3 கிலோ 750, இடுப்பு அவனுக்கு வழி விட்டிருக்கிறது. ஆனால் அவன் தலை வந்து எவ்வளவு நேரம் கழித்து உடம்பு வந்தது என்று பழைய பைலைப் பார்த்துக் கேள். அப்போது தோள் மாட்டியிருந்தால் இந்த முறையும் மாட்டுகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அப்படி ஏதாவது எழுதியிருந்தால் ஆபரேஷனுக்கு மறுபேச்சுப் பேசாதே.

வலி கண்டதும் கட்டிலில் மல்லாந்து கிடக்காதே. நட, உட்கார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய். மல்லாந்தால் உன் எடை வால் எலும்பின் மேல் இறங்கி வாசலைக் குறுக்கும். ஒருக்களித்தோ முட்டி போட்டோ இருந்தால் அந்த எலும்பு பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்றுக்குப் போ, நிறைந்த சிறுநீர்ப்பை தலையை இறங்கவிடாது. கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்த பிறகுதான் முக்க வேண்டும், அதுவும் தானாக முட்டிக்கொண்டு வரும்போது. தலை தெரியும்போது சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கீழே வைத்துத் தாங்கச் சொல். அந்த நேரத்தில் முக்குவதை நிறுத்தி வாயைத் திறந்து இளைக்க வேண்டும். தலை மெதுவாக வந்தால் கிழிசல் ஆசனவாய் வரை போகாது. தலை மேலேயே நின்று மணிக்கணக்காக இறங்கவில்லை என்றால் வேக்குவம், ஆயுதம் போட்டு இழுக்க விடாதே. பெரிய பிள்ளை மேலே நிற்கும்போது இழுத்தால் தோள் மாட்டுகிற வாய்ப்பு கூடும். அந்த நேரத்தில் ஆபரேஷன்தான் நல்லது.

இப்போது சொல்வதை அம்மாவையும் கேட்கச் சொல், அவள்தான் உன்னுடன் உள்ளே இருக்கப்போகிறாள். தோள் மாட்டினால் இப்படித்தான் தெரியும்: தலை முழுக்க வந்துவிடும், கன்னம் உப்பி மேலே தள்ளும், தாடை விடுபடாது, அடுத்த நொடி ஆமை தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி திரும்ப உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். முன் தோள் இடுப்பின் முன் எலும்புக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். நூறு பிரசவத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் வரும். அதிலும் ஏறக்குறைய பாதி 4 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத்தான் வருகிறது, அதனால் எடையைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாலைந்து நிமிஷத்துக்குள் உடம்பு வெளியே வர வேண்டும்.

அப்போது யாரும் தலையை இழுக்கக் கூடாது. யாரும் மேல்வயிற்றில் ஏறி அமுக்கக் கூடாது. நம் பக்கத்தில் அது கைப்பழக்கமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன். மேலிருந்து அமுக்கினால் தோள் எலும்பில் இன்னும் ஆழமாகப் பதியும், கர்ப்பப்பை கிழியவும் கூடும். செய்ய வேண்டியது வேறு. உன்னைச் சமமாகப் படுக்கவைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து முட்டி மார்பில் படும்படி மடக்கித் தள்ள வேண்டும். முதுகின் வளைவு நிமிர்ந்து முன் எலும்பு மேலே சுழலும். பெரும்பாலும் இதிலேயே தோள் கழன்றுவிடும். கழலவில்லை என்றால் ஒருவர் அடிவயிற்றில், இடுப்பின் முன் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்துப் பிள்ளையின் முதுகுப் பக்கத்திலிருந்து மார்புப் பக்கமாகத் தள்ள வேண்டும், அரை நிமிஷம். அதுவும் ஆகாவிட்டால் கையை உள்ளே விட்டுப் பின்பக்கத்துக் கையை மார்பின் குறுக்கே துடைத்த மாதிரி இழுத்து வெளியே எடுப்பார்கள், அல்லது தோளை உள்ளேயே திருப்புவார்கள். நாலு காலில் கவிழ்ந்து நிற்கவைப்பதும் உண்டு. குவாத்தமாலா மருத்துவச்சிகளிடமிருந்து வந்த முறை அது, வலிக்கு மரத்துப்போகிற ஊசி போடாதவளுக்கு நன்றாகவே உதவும். இங்கே லேபர் வார்டில் பொம்மை இடுப்பையும் பொம்மைப் பிள்ளையையும் வைத்து இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள், யார் காலைப் பிடிப்பது, யார் மணி பார்த்துச் சொல்வது என்பது வரைக்கும். உன் டாக்டரிடம் இந்த ஒன்றைத்தான் கேள்: "தோள் மாட்டினால் ராத்திரி 2 மணிக்கு இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள்?" ஒரு சிஸ்டர், ஒரு ஆயா என்று பதில் வந்தால் அங்கே சேராதே. சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்குப் போ. வலி வந்தபிறகு 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கவேண்டாம், தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்துகொள்.

பயப்படாமல் இருக்க இதையும் சொல்கிறேன்: மாட்டின பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்து நரம்பு இழுபட்டுக் கை அசையாமல் தொங்கும். பத்தில் ஒன்பதுக்கு மேல் நாளடைவில் சரியாகிவிடும். காரை எலும்பு முறிந்தாலும் சில வாரத்தில் கூடிவிடும்.

பிள்ளை வந்த கையோடு உன் தொடையில் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும். போட்டார்களா என்று அம்மா பார்க்கட்டும். பெரிய பிள்ளையைத் தாங்கி விரிந்த கர்ப்பப்பை சுருங்கச் சோம்பும், அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து. அதனால் உன் ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் 9.8 என்று பார்த்தேன். இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு. பிள்ளையை ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுச் சீம்பால் கொடு. கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், அதன் இன்சுலின் மட்டும் சுரந்துகொண்டே இருக்கும், அப்போது சர்க்கரை விழும். குதிகாலில் குத்திப் பார்த்து 45-க்குக் கீழே இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் நாக்கில் வைக்க விடாதே. சித்தி கொண்டுவருவார், வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இரு.

பத்தியத்துக்குப் பூண்டு உரித்துவைக்கிற வேலை எப்போதும் என்னுடையதுதானே. கவின் பிறந்தபோது முற்றத்தில் உட்கார்ந்து நானும் பெரியம்மாவும் உரித்தோம், நகக்கண்ணில் காரம் நாலு நாள் போகவில்லை. இங்கே கடையில் பூண்டு உரித்தே பாக்கெட்டில் வருகிறது. நேற்று ஒன்று வாங்கி, கொஞ்சம் பெருங்காயம் போட்டு வதக்கினேன், சாப்பிட உட்கார முடியவில்லை சுமதி. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் வீட்டுக்காரரை ரத்த குரூப் பார்த்துவைக்கச் சொல். கண்ணனும் அவன் சிநேகிதர்களும் முன்னாலேயே போய்ப் பெயர் கொடுத்துவைக்கட்டும். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்தது), ஆதார், பாஸ்புக், பழைய பைல், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டு. கவினை அம்மா வீட்டில் விடாதே, அம்மா உன்னோடு இருக்க வேண்டும். பெரியம்மா பார்த்துக்கொள்வார், நான் பேசிவிட்டேன்.

இந்த மாதப் பணம் நாலைந்து நாள் தள்ளி வரும், வேறொன்றுமில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனைச் சித்திரைக்குத் தள்ளவேண்டாம், உன் பிரசவம் முடிந்ததும் மதுரைக்குக் கூட்டிப்போகச் சொல். வளையலை மீட்கக் கண்ணன் கடன் வாங்க வேண்டாம். பேங்க்கில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கட்டும், ஆடிக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளை பிறந்ததும் எடையைக் கிராம் வரை எழுது, கீழ்வீட்டுப் பாட்டிக்குப் பவுண்டில் மாற்றிச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: வடக்குத் தெரு இடத்துக்குப் பட்டா மாற்ற மாமா கையெழுத்துக் கேட்டால், நான் வருகிற வரைக்கும் அப்பா போட வேண்டாம்.