அர்க்கர்ட் கோட்டையைக் காலம் இடிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஸ்காட்லாந்து பயணக் கட்டுரையில், லாக் நெஸ் ஏரிக்கரையில் இருக்கும் அர்க்கர்ட் கோட்டைக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். "காலத்தின் கோலத்தால் சிதைந்து கிடக்கிறது" என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதன் வாயிலைத் தகர்த்தது காலம் இல்லை. 1692-இல் காவலுக்கு இருந்த படையே, காலி செய்து கிளம்பும்போது, பதவி இழந்த ஜேம்ஸ் மன்னரின் ஆட்களான ஜேக்கபைட்டுகள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று வெடிமருந்து வைத்து உடைத்துவிட்டுப் போனது. உங்களுக்குத் தெரியாத வரலாறா இது?

நான் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நேரிலேயே பார்த்தேன். வாயிலோரம் பெரிய சுவர்த் துண்டு ஒன்று, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பிரியாமல் அப்படியே கிடக்கிறது. மழையில் ஊறி விழும் சுவர் சாந்து உதிர்ந்து, கல் கல்லாகத்தான் கழன்று கொட்டும், இப்படி மொத்தமாகப் பெயர்ந்து விழாது. 1715 புயலில் அங்குள்ள கிராண்ட் கோபுரத்தில் ஒரு பகுதி சரிந்தது உண்மை, ஊர்க்காரர்கள் கல்லை எடுத்துப் போனதும் உண்மை. ஆனால் முதல் அடி வெடிமருந்து கொடுத்ததுதான்.

சரி, கோட்டையின் காவலைப் பற்றியாவது நாலு வார்த்தை இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தரைப் பக்கம் 30 மீட்டர் வரை அகலமான அகழி, நடுவில் தூக்குப்பாலம், தாண்டினால் இரட்டைக் கோபுர வாயில், மேலிருந்து இறங்கும் தடுப்புக் கதவு, வடக்கு முனையில் 3 மீட்டர் வரை தடித்த சுவரோடு கிராண்ட் கோபுரம். 1296-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் பிடித்த கோட்டை. 1545-இல் மெக்டொனால்டு என்ற குலத்தார் புகுந்து மெத்தை, சட்டி பானை, கதவு வரைக்கும் அள்ளிப் போனார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் 1689-இல், தங்களைவிடப் பெரிய ஜேக்கபைட் படை வந்து சூழ்ந்தபோதும் உள்ளே இருந்தவர்கள் விட்டுக்கொடுக்காமல் தாக்குப்பிடித்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, ஏரியில் இருப்பதாகச் சொல்லும் பூதத்துக்கும் மதியம் சாப்பிட்ட மீனுக்கும் இரண்டு பக்கம்!

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. முன்பு ஒரு முறை அர்க்கர்ட் என்று பெயர் போட்டு எய்லியன் டோனன் கோட்டையின் படத்தை அச்சிட்டீர்கள். அது 1719-இல் போர்க்கப்பல்கள் சுட்டுத் தகர்த்து, பிறகு 1932-இல் திரும்பக் கட்டி முடித்த கோட்டை, இடிபாடே இல்லை. அப்போதே எழுதினேன், பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. வாசகர் கடிதப் பகுதியை அரைப் பக்கமாகக் குறைத்ததும் அதற்கப்புறம்தான். கல்யாணமாவதற்கு முன்பிருந்தே உங்கள் இதழை வாங்குகிறவனுக்கு இது வருத்தமாக இருக்காதா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 1692 என்ற ஆண்டையும், வாயிலை யார் தகர்த்தார்கள் என்பதையும் அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரியாகப் போடுங்கள். படம் போடுவதானால், தயவுசெய்து அதே கோட்டையின் படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்