கீ செயின் கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி

பழைய விளம்பர கீ செயின் சேர்க்கிறேன் என்று சொன்னதும் "இதையெல்லாமா சேர்ப்பாங்க?" என்று சிரித்தாலும், அன்றைக்கே வீட்டுப் பரணையும் மேசை டிராயரையும் கிளறிப் பார்த்த அத்தனை பேருக்கும் வணக்கம். டயர் கம்பெனியும் பெட்ரோல் பங்கும் ஜவுளிக்கடையும் சும்மா கொடுத்த பொருள், யாரும் பத்திரப்படுத்தியதில்லை. உங்களில் பலர் கொடுத்தது எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவியோடுதான் வந்தது, சாவியையும் வைத்திருக்கிறேன்.

முதல் நன்றி புதுப்பேட்டை அண்ணனுக்கு. பழைய வண்டியைப் பிரிக்கும்போது சாவியோடு தொங்குவதை எடைக்குப் போடாமல் ஒரு பெயின்ட் டப்பாவில் எனக்காகப் போட்டு வைக்கிறார், காசு கேட்டால் டீ வாங்கிக் கொடு போதும் என்பார். டயரைத் தூக்கி நிற்கும் எம்.ஆர்.எஃப். பலசாலி அந்த டப்பாவில் கிடைத்தவர்தான். எனாமல் முழங்கைப் பக்கம் மட்டும் உதிர்ந்து பித்தளை தெரிகிறது, மற்றபடி ஆள் கம்பீரம். அந்தச் சின்னம் பிறந்தது 1964-இல், ஆக அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

இப்படி வயது கணிக்கச் சொல்லிக்கொடுத்தது தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா. முகவரியைப் பாரு தம்பி என்றார். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல், ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது. வெறும் "மெட்ராஸ்-2" என்றிருந்தால் முந்தையதாக இருக்கலாம், ஆனால் பழக்க தோஷத்தில் பல வருடம் அப்படியே அச்சடித்தவர்களும் உண்டு, அதனால் அதை மட்டும் நம்பாதே என்றும் அவரேதான் சொன்னார். பெட்ரோல் கம்பெனி என்றால் சுலபம்: எஸ்ஸோ 1974-இலும் பர்மா ஷெல் 1976-இலும் அரசு கைக்குப் போய்விட்டன. கணவர் பங்கில் வேலை பார்த்த காலத்து பர்மா ஷெல் கீ செயினைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்த தாம்பரம் அம்மாவுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பத்திரமாக இருக்கிறது அம்மா.

அப்புறம் நாணயம் சேர்க்கும் நண்பர். நான் வாங்கவிருந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளானால் பித்தளையில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் என்று தடுத்தார். இப்போது ஒவ்வொன்றும் காகித உறையில், தனித்தனியாக. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று கிளம்பிய அத்தைக்கும் நன்றிதான், ஆனால் வேண்டாம் அத்தை! அந்தக் கறுப்புதான் அதன் வயசு.

கால்டெக்ஸ் பெட்ரோல் கம்பெனியின் நட்சத்திர கீ செயின் மட்டும் இன்னும் சிக்கவில்லை. யார் வீட்டிலாவது கிடந்தால் சொல்லுங்கள், கீறல் விழுந்திருந்தாலும் வளையம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.