சாவி யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவும் ரோபோக்களும் சமூகத்துக்கு விளைவிக்கக்கூடிய தீங்குகளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே வேலையிழப்புதான் முன்னுக்கு வருகிறது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால், ரோபோ பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அதைவிட உறுத்தலாக இருப்பது, இயந்திரம் பிசகினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போவதுதான்.

தொழிற்சாலையில் ரோபோவைச் சுற்றி வேலி இருக்கும். பழுதுபார்க்கப் போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். மூன்று பேர் போனால் மூன்று பூட்டுகள். மூவரும் வெளியே வந்து கழற்றும்வரை மேலாளரே வந்து நின்றாலும் இயந்திரம் அசையாது. (அவசரம் என்று கத்துகிற மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன், பூட்டு அவர்களுக்குச் செவிசாய்த்ததில்லை.) 1979 ஜனவரியில் மிச்சிகனிலுள்ள ஃபோர்டு ஆலையில் ரோபோ மோதித் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1989-இல், இந்தப் பூட்டு முறை அமெரிக்காவில் சட்ட விதியாகவே ஆனது.

வேலியைத் தாண்டிச் சாலைக்கும் அலுவலகத்துக்கும் வந்துவிட்ட இயந்திரங்களுக்கு அப்படியொரு பூட்டு இல்லை. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே அவரைக் கண்டுகொண்ட மென்பொருள், வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்ததாக விசாரணை அறிக்கை கூறுகிறது. இருந்தும் குற்ற வழக்கு நிறுவனத்தின் மீது பாயவில்லை. ஓட்டுநர் இருக்கையில் கண்காணிப்பாளராக உட்கார்த்தப்பட்டிருந்த ஊழியர் மீதே பாய்ந்தது. அவர் கைப்பேசியில் கவனமாக இருந்தார் என்கிறது அறிக்கை, அது தவறுதான். ஆனால், நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பவர் ஆபத்து வரும் கணத்தில் மட்டும் விழித்துக்கொள்வார் என்று நம்பி அந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுக்குப் பங்கே இல்லையா?

அலுவலகங்களில் நடப்பது இன்னும் ஓசையற்றது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோர் பல்லாயிரம் பேர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டுக் கடனில் தள்ளப்பட்டனர். யாரைச் சந்தேகிப்பது என்று மதிப்பெண் போட்ட கணினி முறை, குடியுரிமையையும் ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தது. 2021-இல் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது.

2024 ஆகஸ்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆபத்து மிகுந்த அமைப்புகளுக்கு மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது. வரவேற்கிறேன். ஆயினும் பழி சுமக்க ஓர் ஆளை உட்காரவைப்பது கண்காணிப்பு ஆகாது. அவருக்கு நிறுத்தும் அதிகாரமும், யோசிக்க நேரமும், நிறுத்தியதற்காக வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். இயந்திரத்தைப் பயன்பாட்டுக்கு அனுமதித்த மேலதிகாரியின் கையெழுத்தும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்