‘அப்பா வரட்டும், சொல்றேன்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அங்கன்வாடிப் பெற்றோர் கூட்டங்களுக்கு அப்பாக்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. கூட்டத்தை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் யார் வருவார்? அந்த நேரத்தில் ஒருவர் எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்பார், இன்னொருவர் மணலி ஆலையில் முதல் ஷிப்டில் இருப்பார், காசிமேட்டு மீனவர் கரையிலேயே இருக்க மாட்டார். போதாக்குறைக்குப் பல இடங்களில் அதன் பெயரே தாய்மார் கூட்டம். வடசென்னை அப்பாக்களுக்குப் பாசத்தில் குறைவில்லை. அவர்கள் வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரம் தவறான வேளையில், தவறான வேலைக்குச் செலவாகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தவறான வேலை என்றால் போலீஸ் வேலை. பகலெல்லாம் சமாளித்துச் சலித்த அம்மாவோ பாட்டியோ சாயங்காலம் சொல்லும் வார்த்தை, ‘அப்பா வரட்டும், சொல்றேன்.’ மாலை 4 மணிக்குக் கொட்டிய தண்ணீருக்கும் இரவு 9 மணிக்கு விழும் திட்டுக்கும் உள்ள தொடர்பு 2 வயதுக் குழந்தைக்குப் புரியாது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் வம்பு வருகிறது என்பது மட்டும் நன்றாகப் பதியும். செருப்பைக் கழற்றும்போதே அப்பா காதில் புகார்ப் பட்டியல் விழ, களைப்பில் அவர் ஒரு அதட்டு போட, குழந்தை அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிகிறது. ‘என்கிட்ட மட்டும் ஒட்டவே மாட்டேங்குது’ என்று அவரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறார். குறும்பை அது நடந்த இடத்திலேயே, அங்கே இருப்பவர் முடித்துவிட வேண்டும். அப்பாவிடம் சொல்லியே தீரவேண்டிய சேதி இருந்தால் குழந்தை தூங்கிய பிறகு சொல்லலாம்.

வீட்டுக்குள் நுழைந்த முதல் 10 நிமிடத்தை இப்படிச் செலவிட்டுப் பார்க்கலாம். கை கால் கழுவி, சட்டை மாற்றி, கைப்பேசியைச் சத்தம் நிறுத்திப் பரண் மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். நாற்காலி வேண்டாம், குழந்தையின் கண்ணும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ‘இன்னைக்கு என்ன படிச்ச?’ என்ற விசாரணை வேண்டாம். அது செய்வதைப் பார்த்துச் சொன்னால் போதும்: ‘மூடி மேல மூடி வைக்கிறியா?’ கைப்பேசியைப் பரணுக்கு அனுப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தில் அசைவே இல்லாமல் இருந்தார். குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிட்டது, கை நீட்டியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. திரையைப் பார்க்கும் முகமும் ஏறக்குறைய அப்படி உறைந்த முகம்தான்.

விளையாட்டுக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பருப்பு கடையும் விளையாட்டு எல்லா வீட்டிலும் தெரியும். உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல் விரலாக மடக்கி அம்மாவுக்கு, பாட்டிக்கு, அண்ணனுக்கு என்று சோறு பங்கு வைத்து, நண்டு ஊர்வதுபோல் கை வழியே விரல்களை ஏற்றி, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவது. இதில் சூட்சுமம் அக்குளுக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிறது. அங்கே விரலை நிறுத்தி, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு, குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மூச்சை அடக்கி, தோளைக் குறுக்கி, கண் விரியக் காத்திருக்கும். ஆசையை அடக்கிக் காத்திருக்கப் பழகும் இடம் அதுதான். பிற்பாடு சறுக்குமரத்தில் வரிசையில் நிற்பதற்கும், கேரம் போர்டில் தன் முறை வரும்வரை பொறுப்பதற்கும் அங்கேதான் விதை. குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, கொட்டாவி விட்டாலோ, முதுகை வளைத்து விலகினாலோ ‘போதும்’ என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். கிச்சுகிச்சில் சிரிக்கிறதே என்று தொடர்வது தப்பு, அந்தச் சிரிப்பு விருப்பமில்லாதபோதும் வரும். ‘போதும்’ என்றால் அப்பா நிறுத்துவார் என்று அறிந்த குழந்தைக்கு, அடுத்த குழந்தை ‘போதும்’ என்று சொல்வதும் காதில் ஏறும்.

உப்பு மூட்டை, குதிரை ஏற்றம் எல்லாம் நல்லதுதான். ஆனால் மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், குடியிருப்பு வீடுகளில் மின்விசிறி கைக்கெட்டும் உயரத்தில் சுழல்கிறது. கைக்குழந்தையைக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம். 5 வயதுக்குள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினால் முழங்கை மூட்டு நழுவலாம். அழுதுவிட்டு அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டால், எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். தூக்குவதென்றால் அக்குளுக்குக் கீழே இரு கையும் கொடுத்துத் தூக்குங்கள். குடித்திருக்கும் இரவில் எந்த விளையாட்டும் வேண்டாம்.

அடுத்தது வேளை. இரவு 10 மணிக்கு ஷிப்ட் முடித்து வருகிறவருக்காகக் குழந்தையை விழிக்க வைப்பது பாசம் போலத் தெரியும். 3, 4 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது குறைந்தால் மறுநாள் கடி, அடி, அடம் எல்லாம் அங்கன்வாடியில் வெளிவரும். இரவு ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் போகிறவர்கள் காலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல் தேய்ப்பது, தலை சீவுவது, அங்கன்வாடிக்கு நடத்திக் கூட்டிப் போவது, இவற்றில் ஒன்றை அப்பாவின் வேலை என்று நிலையாக வைத்துக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பீச்சுக்கும் பிரியாணிக்கும் கூட்டிப்போவது குஷிதான், ஆனால் நம்பிக்கை வளர்வது தினசரி வரும் அந்த ஒற்றை வேலையில்.

விசைப்படகில் பல நாள் தங்கித் தொழில் செய்கிறவர்கள் கரையேறும்போது, ஒன்றரை வயதுக் குழந்தை அவரைப் பார்த்து அலறுவது வழக்கம். அது வெறுப்பு இல்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்தறியும் வயது அது. அம்மா இடுப்பிலிருந்து பிடுங்கித் தூக்கினால் இன்னும் ஒரு நாள் பின்வாங்கும். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, வலை மிதவையோ டப்பாவோ ஒன்றை உருட்டிவிட்டு, அம்மாவோடு பேசிக்கொண்டே இருந்தால், கால் மணியோ அரை மணியோ கழித்து அதுவே வந்து முழங்காலைத் தொடும். கிளம்பும்போது, அழுமே என்று தூங்கும் நேரம் பார்த்து நழுவக் கூடாது. நழுவினால் அடுத்த முறை கழிவறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை: ‘அப்பா கடலுக்குப் போறேன், திரும்பி வருவேன்.’ அழட்டும், அழுகையோடு விடைபெறுவது தவறில்லை.

‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்பதை எல்லாரும் சேர்ந்து கைவிட வேண்டும். பொம்மையைப் பிடுங்கிக்கொண்டதற்கு அழும் பையனிடம், ‘அவன் வாங்கிட்டான், கோவம் வந்துடுச்சு’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அருகில் உட்கார்ந்தால் போதும். பெயர் வைத்த கோபம் கைக்குப் போவது குறையும். அடித்தே விட்டாலும், அந்த நேரத்தில் ‘ஏன் அடிச்ச?’ என்று கேட்டால் 3 வயதிடம் பதில் கிடையாது. அப்பாவே கத்திவிட்டால்? ஆறிய பிறகு போய், ‘அப்பா கத்திட்டேன், தப்பு’ என்று சொல்லலாம். மரியாதை குறையாது. முறிந்ததை எப்படி ஒட்டவைப்பது என்பதைக் குழந்தை பார்த்துத்தான் கற்கும். அப்பா இல்லாத வீட்டில் இதையெல்லாம் தாத்தாவோ தாய்மாமனோ செய்யலாம், நிலையாக இருந்தால் சரி.

ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘நானும் லேட்டாத்தான் பேசினேன்’ என்று அப்பா வீட்டில் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு வருடம் போய்விடுகிறது.

சட்டமும் அப்பாவை மறந்துதான் இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் துறையில் அதைக் கட்டாயமாக்கும் சட்டமே இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும்தான். சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை உண்டு. அங்கன்வாடிப் பதிவேட்டில் அப்பாவின் கைப்பேசி எண்ணையும் எழுதி, அவரையே அழைத்துச் சொல்லலாம். கூட்டத்தைக் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு வேளையாகப் பிரித்து, 40 நிமிடத்தில் முடிக்கலாம். சொற்பொழிவைக் குறைத்து, பருப்பு கடையும் விளையாட்டை அப்பாக்களையே செய்யச் சொல்லலாம். முதல் ஐந்து நிமிடம் கூச்சத்தில் சிரிப்பார்கள், பிறகு சரியாகிவிடும்.

காசிமேட்டுக்கு நல்ல வாய்ப்பு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுப் பழுதும் வலைப் பழுதும் பார்த்துக்கொண்டு அப்பாக்கள் கரையிலேயே இருப்பார்கள். அந்த நாட்களில் மாலை 5 மணிக்கு மேல், வலை பின்னும் இடத்திலேயே இரண்டு கூட்டம் வைக்க அங்கன்வாடித் துறையினர் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
முன்பருவக் கல்விப் பயிற்றுநர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.