இரும்புக்கடை முதலாளிமாருக்கு: தகட்டின் நம்பரை வெட்டி எறியாதீர்கள்

மதிப்புக்குரிய முதலாளிமாரே,

பழைய சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் தகடு வாங்கி, மட்டக்குளிப் பக்கம் பார்ஜ், பொன்டூன் என்கிற மிதவை மேடை, சின்ன இழுவைப் படகு என்று ஒட்டு வேலை (வெல்டிங்) செய்கிறவர்களில் நானும் ஒருவன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். கப்பல் தகடு என்று சொல்லி விற்பதை அதன் ஹீட் நம்பரோடும் (ஒரே தடவையில் உருக்கி எடுத்த உருக்குக்கு ஆலை போடுகிற அடையாள எண்) ஆலைச் சான்றிதழோடும் தாருங்கள். துண்டு போடும்போது அந்த நம்பர் உள்ள மூலை முதல் வாங்குகிறவரோடு போய்விட, மிச்சத் தகடு பேர் ஊர் இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடக்க விடாதீர்கள்.

தகடு தகடுதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 10 மில்லிமீட்டர் தகடு எந்த ரகமாக இருந்தாலும் ஒரு சதுர மீட்டர் 78.5 கிலோதான், தராசுக்கு வித்தியாசம் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் சாதாரண ஏ ரகக் கப்பல் தகடு 235 மெகாபாஸ்கல் வரை இழுவையைத் தாங்கி அதற்கு மேல்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும், பலம் கூடின ஏஎச்36 ரகம் என்றால் அது 355. வரைபடம் போட்டவர் 355-ஐ நம்பித் தடிப்பைக் குறைத்திருக்க, நாங்கள் 235-ஐப் போட்டு ஒட்டினால் அந்தப் பொன்டூன் மேல் கிரேன் ஏறுகிற நாளில் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ரகத்தின் பெயரில் முதலில் வருகிற எழுத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. வெட்டுப் போட்ட சின்னத் துண்டைச் சுத்தியலால் அடித்து உடைக்கும் சோதனையை பி ரகத்துக்குப் பூச்சியம் பாகையிலும், டி ரகத்துக்கு மைனஸ் 20-லும், ஈ ரகத்துக்கு மைனஸ் 40-லும் செய்வார்கள். கொழும்புக் கடலில் குளிர் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள், சரி, நியாயமான கேள்விதான். ஆனால் தடிப்பு கூடக்கூட, சுமை அதிகம் விழுகிற இடங்களில், கப்பல் எந்தக் கடலில் ஓடினாலும் டி, ஈ ரகங்களைத்தான் விதி கேட்கிறது. தடித்த தகட்டில் ஒரு வெடிப்பு தொடங்கினால் அது ஓடிவிடாமல் நிற்கவேண்டும், அதற்குத்தான்.

1943 ஜனவரி 16 இரவு, அமெரிக்காவின் போர்ட்லாண்டில், ஷெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் அலையே இல்லாத தண்ணீரில் துறையில் கட்டிக் கிடந்தபடியே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. ஒட்டில் குறை இருந்தது, அங்கே தொடங்கிய வெடிப்பை நிறுத்த அந்த உருக்கால் முடியவில்லை. கடலில் நிற்கிற மேடைகளிலும் இதே கதைதான். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மேடை கவிழ்ந்து 123 பேர் செத்தார்கள். ஒரு கருவியைத் தாங்க வைத்த சின்னத் துண்டின் ஒட்டில்தான் வெடிப்பு தொடங்கியது என்றும், அந்தத் துண்டின் தகடே அடுக்கடுக்காகக் கிழிந்திருந்தது என்றும் விசாரணையில் தெரியவந்தது. பெரிய கால் அல்ல, ஒரு சின்னத் துண்டு.

எங்கள் கைக்கு வரும்போது இன்னொரு சிக்கல். தகடு என்ன ரகம் என்று தெரிந்தால்தானே 7018 என்ற ஒட்டுக் கம்பியை (ரொட்) சூடாக்கி எடுத்துப் பிடிப்பதா, தகட்டையும் முன்சூடு பண்ணுவதா என்று முடிவெடுக்கலாம்? கார்பன் கூடின, பலம் கூடின தகட்டில் சாதாரண 6013 ரொட்டை ஓட்டிவிட்டுப் போனால், ஒட்டு அன்று மாலை அழகாகத்தான் இருக்கும், அடுத்த நாள்கூட அதன் ஓரத்தில் உள்ளுக்குள் வெடிப்பு வரலாம். பிழை ஒட்டினவன் தலையில்தான் விழும். தகடு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம், பழுது பார்க்கும்போது கப்பலிலிருந்து வெட்டி எடுத்த பழைய தகடு. அதையும் 'கப்பல் தகடு' என்றே சொல்லித் தருகிறார்கள், வந்த இடத்தைப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் அது தேய்ந்ததாலோ குழி விழுந்ததாலோதானே வெட்டி எடுத்தார்கள்? புதிய கப்பல் தகட்டுக்குத் தடிப்பில் 0.3 மில்லிமீட்டர் குறைவைத்தான் விதி பொறுக்கும், இதிலே குழிக்குள் அளந்தால் எத்தனை மில்லி போயிருக்கும்! கேற்றுக்கும் குப்பைத் தொட்டிக்கும் விற்றுக்கொள்ளுங்கள், மிதக்கிற எதற்கும் வேண்டாம்.

நான் கேட்பதற்குச் செலவு பெரிதாக இல்லை. காஸ் கட்டரைப் பற்றவைக்க முதல், முத்திரையில் உள்ள ரகத்தையும் ஹீட் நம்பரையும் மிச்சத் துண்டிலும் வெள்ளைப் பெயின்றால் எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் ஆணியெழுத்தாலும் குத்தச் சொல்லுங்கள். பில்லோடு சான்றிதழின் ஒரு போட்டோ கொப்பி. நம்பர் இல்லாத தகட்டை நம்பர் இல்லாதது என்றே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கலாம், அதற்கும் ஆள் இருக்கிறது. நம்பரோடு வருகிற தகட்டுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் நான் கொடுப்பேன், எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களும் கொடுப்பார்கள். உங்கள் கடைப் பையன்களுக்கு முத்திரையை வாசிக்கப் பழக்கவேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், நானே வந்து காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
மட்டக்குளியிலிருந்து ஒரு ஒட்டு வேலைக்காரன்