சால் திரும்பும் இடம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, அவளிடம் சொல். அடுத்த பருவத்தில் ஆங்கில நவீனத்துவத் தாள் (இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபு நடையை உடைத்து எழுதியவர்களைப் பற்றியது) உன் பொறுப்புக்கு வந்திருப்பதும் நல்லதே. நீ அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். லண்டன், டப்ளின், மறுபடியும் லண்டன். அறுந்த பேச்சு, சிதறிய வரி, திரும்பத் திரும்ப வரும் தொடர் எல்லாமே நகரத் தெருவின் இரைச்சலிலிருந்து பிறந்தவை என்றுதான் நம் வகுப்பறைகளில் சொல்லிவருகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவற்றில் கணிசமான பங்கு, வயலில் வேலை நடக்கும் விதத்திலிருந்து வந்தது. மூன்று நாலு இடங்களைச் சொல்கிறேன், நீயே பார்.

ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் தாமஸ் 1916ல் எழுதிய 'ஆஸ் தி டீம்ஸ் ஹெட்-பிராஸ்' என்ற உழவுக் கவிதையிலிருந்து தொடங்கு. அவரை நவீனத்துவர் பட்டியலில் சேர்க்கப் பலர் தயங்குவார்கள், நீ தயங்காதே. பனிப்புயலில் விழுந்த எல்ம் மரத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மஞ்சள் களைப்பூ மண்டிய தரிசை உழவன் குதிரை ஏரால் சுற்றிச் சுற்றி உழுகிறான். ஏர் மரத்தருகே வந்து திரும்பும்போது மட்டும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் இடைவெளி என்று கவிதையே கணக்குச் சொல்கிறது.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? இரண்டு குதிரை பூட்டிய, ஒற்றைக் கொழு (மண்ணைக் கீறும் இரும்பு முனை) உள்ள கலப்பை ஒரு நாளில் ஏறக்குறைய ஓர் ஏக்கர் உழும். சாலின் (ஏர் கீறும் கோட்டின்) அகலம் 9 அங்குலம் என்றால் அந்த ஓர் ஏக்கருக்கு உழவன் 11 மைல் நடந்தாக வேண்டும். நடுச்சாலில் நின்று பேச அவனுக்கு நேரமில்லை. திருப்பத்தில் எப்படியும் குதிரைக்கு மூச்சு விட வேண்டும், கொழுவில் அப்பிய மண்ணைச் சுரண்ட வேண்டும். சுரண்டாவிட்டால் ஏர் கனத்து, சால் கோணும். அந்த இடைவேளைக்குள் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவுதான் பேச்சு. முதலில் வானிலை, பிறகு அப்போது நடந்துகொண்டிருந்த முதல் உலகப்போர். ஒவ்வொரு செய்தியும் ஒரு சுற்று காத்திருந்து வருகிறது.

மாணவர்கள் இங்கே தவறுவது ஒரே இடத்தில்தான். குதிரையின் பித்தளை மினுமினுப்பு, காட்டுக்குள் போகும் காதலர்கள் ஆகியவற்றோடு அழகான கிராமக் காட்சி என்று முடித்துவிடுவார்கள். அந்த மரம் ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று கேள். அதைத் தூக்கிப்போட உடன் வேலை செய்த ஆள் வேண்டும். அவன் பிரான்சில் செத்துப்போனான். போர் முடிந்தால்தான் மரம் நகரும் என்கிறான் உழவன். பிரான்சில் நடக்கும் போர் இந்த வயலில் ஓர் ஆள் குறைவாகத் தெரிகிறது. 1917 ஏப்ரல் 9 அன்று தாமஸும் அரஸ் போர்முனையில் இறந்தார். 36 வரிதான், வாய்விட்டுப் படிக்கச் சொல். ஏர் விலகிப்போகும் வரிகளை பென்சிலால் குறித்து, அங்கே கொஞ்சம் மௌனம் விடச் சொல்.

அடுத்தது டி.எச். லாரன்ஸ், 1915ல் வந்த அவரது நாவல் 'தி ரெயின்போ'. முழு நாவலுக்கு நேரமில்லாவிட்டால் நான்காம் அத்தியாயத்தில் அன்னாவும் அவள் காதலன் வில்லும் நிலா வெளிச்சத்தில் கதிர்க்கட்டுகளை நிறுத்தும் பகுதி போதும். அறுத்துக் கட்டிய கட்டுகளைத் தரையில் விட்டால் ஈரம் ஏறி மணி முளைத்துவிடும். அதனால் தாள் கீழே, கதிர் மேலே இருக்கும்படி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள். நடுவே காற்று போகும், மழை வழிந்துவிடும். கைக்கு ஒன்றாக எடுத்துப் போய், சாய்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அவன் கட்டோடு வரும்போது அவள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருக்கிறாள். சந்திப்பு தள்ளிக்கொண்டே போகிறது. லாரன்ஸ் ஒரே சொற்களை அரைக்கிறார் என்று குறை சொல்பவர்கள் இந்த நடையின் தாளத்தைக் கவனிப்பதில்லை. வயலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய் வரும் கால்கள்தான் அந்த வாக்கியங்கள்.

இதே நாவலின் தொடக்கத்தையும் விட்டுவிடாதே. 1840 வாக்கில் நிலக்கரிச் சுரங்கங்களுக்காக பிராங்வென் குடும்பத்தின் மார்ஷ் பண்ணைப் புல்வெளியை வெட்டிக் கால்வாய் போகிறது. குடும்பத்துக்கு இழப்பீடு வருகிறது, வளரும் ஊருக்கு விளைச்சலை விற்றுப் பணமும் சேர்கிறது. பிறகு ஒரு நாள் அந்தக் கால்வாயின் கரை உடைந்து டாம் பிராங்வென் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறார். தொழில் தொடாத தூய கிராமம் என்ற ஒன்றை லாரன்ஸ் காட்டவே இல்லை.

ஈ.எம். ஃபார்ஸ்டரைச் சுருக்கமாக எடு. அவரது 'ஹோவர்ட்ஸ் எண்ட்' (1910) நாவலின் கடைசி அத்தியாயத்தில் புல்லறுக்கும் இயந்திரம் வயலைச் சுற்றிச் சுற்றி நடு நோக்கிக் குறுகிவருகிறது. நாவலின் நாயகிகளான இரு சகோதரிகளின் பேச்சுக்கு அதுதான் பின்னணி. ஆனால் அறுப்பவருக்குப் பெயரில்லை, டாம் என்ற சிறுவனின் அப்பா என்று மட்டும் வருகிறார். வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்த்த வயல் அது. டி.எஸ். எலியட்டின் 'ஈஸ்ட் கோக்கர்' கவிதையும் எனக்கு இந்த வகையில் நெருக்கமாகவில்லை. பால் கறப்பும் அறுவடையும் பெயரளவில் வந்துபோகின்றன.

வர்ஜீனியா உல்ஃபுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்கு. அவரது நாவல் 'பிட்வீன் தி ஆக்ட்ஸ்' அவர் இறந்த பிறகு 1941ல் வெளிவந்தது. 1939 ஜூனில் ஒரு கிராமத்தில், ஊர்க்காரர்களே நடிக்கும் நாடகத்தைச் சுற்றி நடக்கும் கதை. முதல் பேச்சே கழிவுக்குழியைப் பற்றியது: ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்ன கவுண்டி கவுன்சில் இன்னும் கொண்டுவரவில்லை. நாடகத்தில் புகையிலை விற்கும் எலைசா கிளார்க் எலிசபெத் ராணியாக வருகிறார். அவர் தோளில் மின்னும் வெள்ளித் துணி பாத்திரம் தேய்க்கும் பொருளால் ஆனது. ஊர்க்காரர்களின் கோரஸைக் காற்று அடித்துக்கொண்டு போக, ஒன்றிரண்டு சொல்லே கூட்டத்துக்குக் கேட்கிறது. நாடகம் தொய்ந்து நிற்கும் நேரத்தில் கன்றை இழந்த பசு கதற, மந்தை முழுதும் சேர்ந்து கதறி அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. இறுதியில் பாதிரியார் பேசும்போது பன்னிரண்டு விமானங்கள் தலைக்கு மேலே பறக்கின்றன, அவர் வாயிலிருந்த சொல் இரண்டாக அறுகிறது. தாமஸின் உழவன் பேச்சை அறுத்தது குதிரை ஏர். 23 ஆண்டுகளில் அறுக்கும் பொருள் மாறியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வை.

உன் மாணவர்களில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தாய். கொழு, சால், கட்டு, வைக்கோல் போர் என்றால் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வினாத்தாளில் "இயற்கை வருணனையை விளக்குக" என்று மட்டும் கேட்காதே. யார் எந்த வேலையைச் செய்கிறார்கள், அந்த வேலை வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறது என்று கேள். மாற்றிய பாடத்திட்டத்தைக் குழுவுக்கு அனுப்பும் முன் எனக்கு ஒரு படி அனுப்பு. உல்ஃபின் பக்கங்களை நானே குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்