காட்டை விட்டுக் காட்டேரியைப் பிடித்த கையேடு

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதியின் பெயருக்குத் தவறான விளக்கம், 20 யூரோ திரும்பக் கேட்டல்

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் எட்டு நாள் ருமேனியா சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் வந்திருந்தோம். சாப்பாடு, பஸ், ரூம் எதிலும் குறையில்லை. குறை உங்கள் கையேட்டின் 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. 'டிரான்சில்வேனியா என்றால் ரத்தக்காட்டேரிகளின் நாடு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 'பெயர்க்கதை நடை' என்று ஆளுக்கு 10 யூரோ தனியாக வாங்கிக்கொண்டு, சிபியூ நகரில் ராத்திரி கூட்டிப்போன வழிகாட்டியும் அதையேதான் சொன்னார்.

அதை நம்பி என் மனைவி ஓட்டல் வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் ரசீதின் பின்புறத்தில் 'ஆர்தியால்' என்று எழுதிக் காட்டினார். ருமேனியர்கள் அந்தப் பகுதியை அப்படியும் சொல்வார்களாம். அது 'எர்தேய்' என்ற ஹங்கேரியப் பெயரிலிருந்து வந்தது. 'எர்தோ' என்றால் ஹங்கேரிய மொழியில் காடு. லத்தீனிலும் அதே கதைதான்: டிரான்ஸ் என்றால் அப்பால், சில்வா என்றால் காடு. 1075 என்று தேதியிட்ட சாசனத்திலேயே 'உல்ட்ரா சில்வம்', அதாவது காட்டுக்கு அப்பால், என்று இருக்கிறது. ஹங்கேரியச் சமவெளியில் இருந்தவர்கள் பார்வையில் வந்த பெயர் அது. இக்கரையில் நிற்பவன்தானே அக்கரை என்பான்?

12ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்களின் வழியில் வந்த பெயர் வேறு: 'சீபன்பூர்கன்', ஏழு கோட்டைகள். வழிகாட்டி நின்று பேசிய சிபியூவையே, ஹெர்மன்ஸ்டாட் என்ற ஜெர்மன் பெயரில், அந்த ஏழில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஊர் எல்லைப் பலகையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. நம் பஸ் அதைத் தாண்டித்தான் போனது!

காட்டேரி வந்தது 1897இல் வெளியான 'டிராகுலா' என்ற காட்டேரி நாவலால். எழுதிய பிராம் ஸ்டோக்கர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. நிஜத்தில் டிராகுலா என்ற பட்டப்பெயர் கொண்ட விளாத் என்ற மன்னர் ஆண்டதும் கார்பாத்திய மலைகளுக்குத் தெற்கே இருந்த வலாக்கியாவை.

வழிகாட்டியிடம் இதைச் சொன்னேன். "எல்லாருக்கும் இதுதான் சார் பிடிக்குது" என்றார். சரி என்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது.

இருவருக்கும் வாங்கிய 20 யூரோவைத் திருப்பித் தாருங்கள். அடுத்த குழு கிளம்பும் முன் 14ஆம் பக்கத்தைத் திருத்துங்கள். அந்தப் பக்கத்தின் படமும் நடைக்கான ரசீதும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்